முதுகுப் பக்கத்துக் கடல்

காலிமுகத்திடலில் இஸ்ஸோ வடை தின்றபடி
கடல் பார்க்கிற எல்லோரும்
சுமத்திராவுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறோம்.
நியாஸ் தீவு நோக்கி வரைபடத்தில் ஒரு கோடு இழுத்தேன்.
இரத்தினபுரியைத் தொட்டு, கதிர்காமத்தை உரசி,
கடலில் இறங்கியது.
அதன்பிறகு மூன்று சாண் வெறும் நீலம்.

பங்குனிக் கடைசியில் ஒரு மத்தியானம்,
பதினோராம் மாடியில், எங்கள் வரைபட அலுவலகத்தில்
கோப்பைக்குள் தேத்தண்ணி சரிந்தது.
கோப்பை சரியவில்லை.
வயரிங் வேலைக்கு வந்திருந்த நிஸ்வான் பொங்சோ
ஏணியில் நின்றபடி சொன்னார்:
"எங்கட ஆக்கள்ட ஊர்ல இருந்து வருது."
கொம்பனித்தெரு ஜாவா ஒழுங்கையில் பிறந்தவர்.
ஜாவாவைக் கண்டதில்லை.
இருநூற்றி இருபது படிகளையும் எண்ணியபடி
எனக்கு முன்னால் இறங்கினார்.

மூன்று வருடம் கழித்துப் போனது நான்.
அவரும் வருவதாகத்தான் இருந்தது;
கடவுச்சீட்டில் பொங்சோ, போங்கோ ஆகியிருந்தது.

கோலாலம்பூர். மேடான்.
அங்கிருந்து பஸ் அளவில் ஒரு விமானம்.
குனுங்சித்தோலியில் இறங்கினால் மழை.
தெற்கே மூன்று மணித்தியாலம்:
தென்னை, பாலம், தேவாலயம், பன்றி, மறுபடி பாலம்.
நீர்கொழும்புக்குப் போகிற ரோட்டைப் போலவே இருந்ததில்
எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

பிறகு கற்படிகள்.
படிகளின் தலையில் பாவோமத்தாலுவோ,
கல் பாவிய ஒற்றைத் தெரு,
இரண்டு பக்கமும் நெஞ்சை முன்தள்ளி நிற்கும் வீடுகள்.
வானத்தில் முக்கால்வாசியைக் கூரைகளே எடுத்துக்கொண்டன.
ஒரு கூரையின் துண்டை உள்ளிருந்து யாரோ
கோலால் தள்ளித் திறந்து, என்னைப் பார்த்து, மூடினார்கள்.

"குனிந்து வா" என்றார் மரீனுஸ் வாவு.
வீட்டைப் பார்ப்பதென்றால் அதன் அடியில் பார்க்க வேண்டுமாம்.
நேர்த்தூண்களுக்கு முன்னால் சாய்தூண்கள்,
நெரிசல் பஸ்ஸில் கால் அகட்டி நிற்பவர்களைப் போல.
ஒன்றும் மண்ணுக்குள் இல்லை. கல்லின் மேல் சும்மா வைத்தது.
ஆணி இல்லை.
"எதைப் பிடித்து நிற்கிறது?"
"பிடிக்கவில்லை. அதனால் நிற்கிறது."
நோட்டில் எழுதிவிட்டு வெட்டினேன்.
அளவு இல்லாத வசனத்தை வைத்து நான் என்ன செய்ய?
அவர் ஒரு கல்லைக் காட்டினார்.
பெரிய அதிர்வு வந்த இரவு
தூண் நகர்ந்து போன தடம்.
நான்கு விரல். அதை எழுதினேன்.

ஆனால் எனக்குப் பிடித்தது தூணில்லை.
வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் பொதுச்சுவரில்
ஒரு சின்னக் கதவு.
திறந்தால் அடுத்தவர் சோற்றுப்பானை.
அங்கிருந்தும் ஒரு கதவு. அங்கிருந்தும்.
தெருவில் கால் வைக்காமல் ஊரின் நுனிவரை போகலாம்.
எதிரிகள் வந்த காலத்து ஏற்பாடு.
நான் நின்றபோது அதன் வழியே வந்தது
போன் சார்ஜர் கேட்டு ஒரு சிறுமி.

திரும்பி வந்து படங்களைக் காட்டினேன்.
நிஸ்வான் கூரையைப் பார்க்கவில்லை.
"மெயின் சுவிட்ச் எங்க? வயர வெளியால இழுத்திருக்கான், நனையும்."
கதவுப் படம் வந்ததும்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"எங்கட லேன்லயும் இருந்திச்சு. கதவில்ல, ஓட்டை.
பலகை வெச்சு மூடுவோம்.
லீலாவதிட வீட்டுக்கு."
ஒழுங்கையை இடித்து மூன்று மழை போய்விட்டது.
அவருக்கு இப்போது ஒன்பதாம் மாடி.
லீலாவதிக்குக் குலுக்கலில் விழுந்தது வேறு கட்டடம்.

நான் அடுத்த கோபுரத்தை வரைந்துகொண்டிருக்கிறேன்.
வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே எட்டங்குலக் கொங்கிறீட்,
தீ விதிப்படி, துவாரம் கூடாது.
கணினியில் ஓர் அடுக்கு உண்டு,
திரையில் தெரியும், தாளில் அச்சாகாது.
அதில் ஒன்பதாம் மாடிச் சுவரில்
ஒரு கதவு போட்டிருக்கிறேன். இரண்டடி நாலங்குலம்.
முதலாளி கேட்டால் கை தவறி விழுந்த கோடு என்பேன்.
எந்தப் பக்கம் திறப்பது என்று
இன்னும் குறிக்கவில்லை.